ஓவியப் பருவங்கள்

நுழையும்முன்

எழுதக் கற்பதற்கு முன்பே குழந்தை வரையத் தொடங்கிவிடுகிறது. சுவர், தரை, செய்தித்தாளின் ஓரம், ஈரமணல் என எதுவும் அதற்கு வரைதளமே. தொடக்கப்பள்ளியின் வாயிலில் நுழையும் பிள்ளைகளுள் வரையத் தயங்குபவரைக் காண்பது அரிது. ஆனால், ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியேறுவதற்குள் அவர்களுள் பலர் "எனக்கு வரைய வராது" என்று சொல்லக் கற்றுவிடுகின்றனர். அந்த ஐந்தாண்டுகளில் நிகழ்வது என்ன? எவ்வகுப்பில் எத்தகைய கலைப்பணி பொருந்தும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

பருவந்தோறும் ஓர் ஆடல்

குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பகுத்துக் காணும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைமையைப் பத்துப் பருவங்களாக வகுக்கிறது. ஐந்தாம் திங்களில் தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரையும், பின்னர்க் கைகளைச் சேர்த்துக் கொட்டும் சப்பாணியும் உடல் வளர்ச்சியை உற்று நோக்கியவர்கள் அமைத்த பருவங்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களான சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை குழந்தை பொருள்களைக் கையாளத் தொடங்கிய பின்னர் அமைபவை. சிறுமியர் மணலைக் குவித்து வீடு கட்டுவதும், அதனைச் சிதைக்க வரும் சிறுவனிடம் வேண்டாமென்று மன்றாடுவதும் சிற்றிற் பருவத்தின் பொருள். பட்டினப்பாலையில் சிறுவர் உருட்டும் மூன்று உருளைச் சிறுதேர் ஒன்றும் இடம்பெறுகிறது.

செங்கீரைப் பருவத்துக் குழந்தையின் கையில் எவரும் சிறுபறையைக் கொடுப்பதில்லை. எந்த விளையாட்டு எந்தப் பருவத்திற்கு உரியது என்னும் தெளிவு நம் முன்னோருக்கு இருந்தது. வகுப்பறைக்குள் ஓவியமும் கைவினையும் நுழையும்போது அத்தெளிவு மங்கிவிடுகிறது. முதல் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே மாம்பழத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டி, அதைப் பார்த்து வரையச் சொல்வது பல இடங்களில் இன்றும் தொடரும் வழக்கம்.

கிறுக்கலின் ஒழுங்கு

ஆஸ்திரியாவில் பிறந்த விக்டர் லோவன்ஃபெல்டு (1903–1960) வியன்னாவில் பார்வையற்ற சிறுவர்களுக்குக் களிமண் சிற்பம் கற்பித்தவர். நாஜி ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சென்ற அவர், 1947 இல் வெளியிட்ட நூலில் குழந்தை ஓவியத்தின் வளர்ச்சிப் படிகளை வகுத்துக் காட்டினார். இரண்டு முதல் நான்கு அகவை வரை கிறுக்கற் பருவம். நான்கு முதல் ஏழு வரை உருவங்கள் அரும்பும் பருவம். ஏழு முதல் ஒன்பது வரை குழந்தை தனக்கெனச் சில உருவக் குறிகளை வகுத்துக்கொள்ளும் பருவம். ஒன்பதுக்கு மேல், கண்டதைக் கண்டவாறே வரைய விழையும் பருவம். அகவைக் கணக்கு குழந்தைக்குக் குழந்தை சற்று முன்பின்னாக அமையலாம்; படிகளின் வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை.

கிறுக்கலிலேயே ஓர் ஒழுங்கு உண்டு என்பதை நிறுவியவர் அமெரிக்காவின் ரோடா கெல்லாக். சான் பிரான்சிஸ்கோ நகரில் மழலையர் பள்ளியை நடத்திய அவர், இலட்சக்கணக்கான குழந்தை ஓவியங்களைத் திரட்டினார். அவற்றைப் பகுத்தாராய்ந்து, புள்ளி, நேர்கோடு, வளைகோடு, சுழி எனக் கிறுக்கல்களை இருபது அடிப்படை வகைகளுள் அடக்கினார். பல நாட்டுக் குழந்தைகளின் ஓவியங்களிலும் இவ்வகைகளே திரும்பத் திரும்பத் தோன்றின. வட்டம் வந்த பின்னர் வட்டத்திலிருந்து கதிர்கள் கிளம்புகின்றன, அதுவே ஞாயிறு. கதிர்களுள் இரண்டு மட்டும் நீண்டு கால்களாகின்றன. வட்டத்தினுள் இரு புள்ளிகள் கண்களாகின்றன. இவ்வாறு பிறக்கும் முதல் மனித உருவத்திற்கு உடல் கிடையாது. தலையிலிருந்தே கால்கள் முளைத்திருக்கும். தவளையின் தலைப்பிரட்டையை ஒத்த இவ்வுருவைக் குறையென்று திருத்த முனைவது, மழலை பேசும் குழந்தையிடம் இலக்கணப் பிழை காண்பதற்கு ஒப்பாகும்.

முதல் வகுப்பு: பெரிய தாளும் ஈரமண்ணும்

ஐந்தாம் அகவை நிறைந்து பள்ளிக்கு வரும் குழந்தை தோளிலிருந்து கையை இயக்கி வரைகிறது. விரல் நுனியின் நுண்ணிய கட்டுப்பாடு மெல்ல மெல்லவே அமையும். ஆதலால் சிறிய ஏட்டில் கூரிய எழுதுகோலால் கோட்டுக்குள் வண்ணம் தீட்டச் சொல்லும் பயிற்சி இப்பருவத்திற்கு இயையாது. தரையில் விரித்த பெரிய தாள், பருமனான மெழுகு வண்ணக்கோல், அகன்ற தூரிகை, கரித்துண்டு, சுண்ணக்கட்டி ஆகியவை பொருந்தும். தாள் கிடைக்காவிடில் பழைய செய்தித்தாளே போதும். அதுவும் இல்லையெனில் பள்ளி முற்றத்தின் மணல் இருக்கிறது.

எனினும், முதல் வகுப்பின் தலையாய கலைப்பொருள் களிமண் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஏரியின் வண்டலைக் கல் நீக்கிப் பிசைந்தால் செலவே இல்லாத பொருள் ஆயத்தமாகிவிடும். ஒரு கட்டி மண்ணைக் கொடுத்து ஆடு செய்யச் சொன்னால், சில குழந்தைகள் கட்டியிலிருந்தே தலையையும் கால்களையும் இழுத்து எடுப்பர். வேறு சிலர் தலை, உடல், கால்கள் என்று தனித்தனியே உருட்டி ஒட்டுவர். முன்னவர் முழுமையிலிருந்து உறுப்புகளைக் காண்கின்றனர். பின்னவர் உறுப்புகளிலிருந்து முழுமையைக் கட்டுகின்றனர். இரண்டும் சிந்தனையின் இயல்பான வழிகளே. ஒருவழியை மற்றதாக மாற்ற ஆசிரியர் முனைய வேண்டியதில்லை. ஒட்டிய கால் காய்ந்ததும் உதிர்ந்துவிடுகிறதே என்று குழந்தை வருந்தும்போது, ஒட்டும் இடத்தைக் கீறி நீரில் குழைத்த மண்ணைத் தடவலாம் என்று சொல்லித் தருவதே கற்பித்தல்.

இவ்வகுப்பில் வேறு பணிகளை அடுக்க வேண்டிய தேவையில்லை. விரல் ஓவியம், உள்ளங்கை அச்சு, கிழித்த வண்ணத்தாள்களை ஒட்டுதல் ஆகியவற்றை மாறிமாறிச் செய்தாலே ஆண்டு நிறைந்துவிடும்.

அறிந்ததை வரையும் பருவம்

இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் குழந்தையின் ஓவியம் வியப்பளிக்கும் ஓர் உலகமாகிறது. தாளின் அடியில் ஒரு கோடு தோன்றுகிறது. வீடு, மரம், மாடு, மனிதர் அனைவரும் அக்கோட்டின்மேல் வரிசையாக நிற்கின்றனர். தாளின் மேல்விளிம்பில் நீலப் பட்டையாக வானம். நடுவே வெற்றிடம். அது என்னவென்று வினவினால் காற்று என்று விடை வரும். எண்ணிப் பார்த்தால் அவ்விடையில் தவறொன்றும் இல்லை.

வீட்டின் சுவர் வரைந்திருக்கும். ஆயினும் உள்ளே சமைக்கும் அம்மா தெரிவார். கிணற்றுக்குள் நீரும் நீருக்குள் மீனும் தெரியும். தெப்பக்குளத்தை மேலிருந்து பார்த்ததுபோல் சதுரமாக வரைந்து, நான்கு கரைகளிலும் மரங்களை வெளிப்புறமாகச் சாய்த்துப் படுக்க வைத்திருக்கும். பாட்டியின் உருவம் வீட்டைவிடப் பெரிதாக இருக்கும். பிரெஞ்சு அறிஞர் ழார்ழ் ஆன்றி லூக்கே தம் மகளின் ஓவியங்களை ஆண்டுக்கணக்கில் தொகுத்து ஆராய்ந்து, 1913 இல் நூலாக வெளியிட்டார். கண்ணுக்குத் தெரிவதையன்றித் தான் அறிந்ததையே இளங்குழந்தை வரைகிறது என்பது அவருடைய ஆய்வு முடிபு. வீட்டுக்குள் அம்மா இருப்பதை அறிந்த குழந்தைக்குச் சுவர் ஒரு தடையன்று. பாட்டியின் உருவம் பெரிதானதும் அன்பின் அளவைக் கொண்டே.

இப்பருவத்திற்கு உரிய கலைப்பணிகள், குழந்தை அறிந்ததை மேலும் பெருக்குபவையாக இருத்தல் வேண்டும். ஒரு கதையைச் சொல்லிவிட்டு, அதில் எந்த இடம் பிடித்ததோ அதை வரையச் சொல்லலாம். மழைநாளில் பள்ளிக்கு வந்த வழியை வரையச் சொல்லலாம். இலையின் நரம்புகள் புடைத்த அடிப்பக்கத்தை மேல்நோக்கி வைத்து, அதன்மேல் மெல்லிய தாளை விரித்து, வண்ணக்கோலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஆல், அரசு, வேம்பு, முருங்கை ஆகியவற்றின் இலைகளை இவ்வாறு பதித்த குழந்தை, பிறகு அவ்விலைகளை மறப்பதில்லை.

காய்கறி அச்சும் இவ்வகுப்புகளுக்கு உகந்தது. வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து வண்ணத்தில் தோய்த்துப் பதித்தால் பூ மலரும். வாழை இலைக்காம்பை அரிந்து பதித்தால் காற்றறைகள் சிறுசிறு கட்டங்களாகத் தோன்றும். அறிவியலும் ஓவியமும் ஒரே தாளில் அமைகின்றன. மெழுகுவத்தியால் வெள்ளைத் தாளில் கண்ணுக்குத் தெரியாமல் வரைந்து, மேலே நீர்வண்ணம் பூசினால், மெழுகு நீரை ஏற்காமையால் மறைந்திருந்த ஓவியம் வெளிப்படும். இதனைச் செய்து காட்டும் நாளில் வகுப்பறையில் எழும் ஆரவாரத்தை அடக்க இயலாது, அடக்கவும் வேண்டாம்.

கத்திக்கப்பல் மடித்தல், பனையோலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும் முடைதல், மண்ணை வடமாகத் திரித்து அடுக்கிக் கலயம் செய்தல் ஆகியவற்றுக்கும் விரல்கள் இப்போது ஆயத்தமாகியிருக்கும். ஓலை முடைதலை ஊரில் உள்ள கைவினைஞர் ஒருவரை வகுப்புக்கு அழைத்துக் கற்பிக்கச் செய்வது ஆசிரியர் தாமே கற்பிப்பதினும் சிறந்தது.

இரு மலைகளும் ஒரு குடிசையும்

உங்களுள் எவரிடமேனும் ஓர் இயற்கைக் காட்சியை வரையச் சொன்னால் என்ன வரைவீர்கள்? இரண்டு முக்கோண மலைகள், இடையில் எழும் ஞாயிறு, மலையடிவாரத்திலிருந்து வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, வானில் நான்கைந்து பறவைகள். மலையையே காணாத கடற்கரை ஊரின் குழந்தையும் இதையே வரைகிறது. தன் கண்முன் விரிந்திருக்கும் கடலையும் கட்டுமரத்தையும் வலையையும் உப்பளத்தையும் அது வரைவதில்லை. இக்காட்சியை யாரோ வரைய, அதைப் பார்த்து மற்றொருவர் வரைய, படியிலிருந்து படியாக வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறது.

படியெடுக்கும் பழக்கம் செய்யும் தீங்கை லோவன்ஃபெல்டின் நூலில் உள்ள ஒரு சான்று விளக்குகிறது. குழந்தை முதலில் தானே வரைந்த பறவைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையாக இருந்தன. பின்னர்ப் பயிற்சி ஏட்டில் அச்சிட்ட பறவையைப் பார்த்து வரையுமாறு பணிக்கப்பட்டது. அதன் பிறகு அக்குழந்தை வரைந்த பறவைகள் யாவும் ஏட்டுப் பறவையின் சாயலைப் பெற்றுவிட்டன. குழந்தையின் பறவை பறந்துவிட்டது.

இதற்கு மாற்றாக அமைந்த தொடக்ககால முயற்சி, பிரான்ஸ் சீசெக் (1865–1946) என்பவர் 1897 இல் வியன்னாவில் தொடங்கிய சிறுவர் கலை வகுப்பு. ஓவியம் பயிலும் இளைஞராக அவர் தச்சர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தபோது, அவ்வீட்டுப் பிள்ளைகள் தம்மிச்சையாக வரைவதைக் கண்டு வியந்தார். குழந்தையின் ஓவியம் பெரியவரின் ஓவியத்தினுடைய குறைவடிவம் அன்று. அது தனக்கெனச் சட்டங்கள் உடைய தனிக்கலை என்று கருதினார். கற்பிப்பதைத் தவிர்த்து, குழந்தைகள் வளர இடந்தருவதே தம் பணி என்று கொண்டார். இக்கொள்கை இளம்வகுப்புகளுக்கு முற்றிலும் பொருந்துகிறது. பத்து அகவைச் சிறுவனுக்கும் அப்படியே பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது.

நான்காம், ஐந்தாம் வகுப்பு: கண் முந்தும் காலம்

ஒன்பதாம் அகவையை ஒட்டி ஒரு மாற்றம் நிகழ்கிறது. அதுவரை தான் வரைந்ததை அனைவருக்கும் காட்டி மகிழ்ந்த குழந்தை, இப்போது தாளைக் கையால் மறைத்துக்கொண்டு வரைகிறது. அழிப்பானால் அழித்து அழித்துத் தாள் கிழிகிறது. அருகிலிருப்பவரின் ஓவியத்தோடு தன்னுடையதை ஒப்பிடுகிறது. கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. தொலைவிலுள்ள மரம் சிறிதாகத் தெரிவதை இப்போது உணர்கிற குழந்தைக்கு, அதைத் தாளில் கொண்டுவரும் வழி தெரிவதில்லை. இந்த இடைவெளியில்தான் "எனக்கு வரைய வராது" என்னும் சொல் பிறக்கிறது. பலர் வாழ்நாள் முழுவதும் அச்சொல்லை மாற்றிக்கொள்வதில்லை.

வழி கேட்டு நிற்கும் இச்சிறுவனிடம் "உன் விருப்பம்போல் வரை" என்று சொல்லி விலகுவது அவனைக் கைவிடுவதாகும். இவ்விடத்தில் கற்பித்தல் தேவை. ஓர் இலையை, ஒரு செருப்பை, சாய்ந்து நிற்கும் மிதிவண்டியை நெடுநேரம் உற்றுநோக்கி வரையச் செய்தல் வேண்டும். ஒன்றன்முன் ஒன்று மறைத்து நிற்பதை முதலிலும், அண்மையிலுள்ளது பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் தோன்றுவதைப் பின்னரும் காட்டலாம்.

கண்டவாறு வரைதல் ஒன்றே ஓவியத்தின் அளவுகோல் அன்று என்பதையும் இப்பருவத்திலேயே உணர்த்துதல் வேண்டும். புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக்குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மலர்கள், மீன்கள், பறவைகள், யானைகள், மலர் கொய்யும் மனிதர்கள் என அனைத்தும் தளம் முழுதும் பரவியுள்ளன. நீர்ப்பரப்பு மேலிருந்து பார்த்ததுபோல் விரிய, மலர்களும் மனிதர்களும் பக்கத்திலிருந்து பார்த்ததுபோல் நிற்கின்றனர். இரண்டாம் வகுப்புக் குழந்தை வரைந்த தெப்பக்குளத்தை இங்கு நினைவுகூர்க. இவ்வோவியத்தின் படத்தை ஐந்தாம் வகுப்பில் காட்டி, வகுப்பினர் அனைவரும் சேர்ந்து நீண்ட தாளில் தம் ஊர்க்குளத்தைத் தீட்டலாம். மீன் வரைவதில் வல்லவர் மீனையும், மரம் வரைபவர் மரத்தையும், வரையத் தயங்குபவர் நீரின் வண்ணத்தையும் ஏற்றுக்கொள்வர். தனித்தனியே தயங்கி நின்றவர்கள் கூட்டுப்பணியில் தயக்கம் குறைவதை ஆசிரியர் காணலாம்.

வண்ணங்களைக் கடையில் வாங்குவதைவிடத் தாமே ஆக்குவது இவ்வகுப்பினருக்குப் பெருவிருப்பம் தரும். செம்மண், கரி, மஞ்சள் ஆகியவை ஊர்தோறும் கிடைப்பவை. மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவப்பாகும். செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் செம்மை மிகும். சமையல் சோடாவைத் தூவினால் பச்சை நிறம் தோன்றும். முகமூடி, பொம்மலாட்டப் பாவை, பழந்துணி ஒட்டோவியம் ஆகியவையும், உருவ ஒற்றுமையை வற்புறுத்தாமல் கைத்திறனை வளர்ப்பதால், இப்பருவத்திற்கு ஏற்றவை.

கோலம் தனியே குறிப்பிடத்தக்கது. ஐந்து நேர்ப்புள்ளிகளை நடுவில் வைத்து இருபுறமும் 3, 1 என இறங்கினால் 13 புள்ளிகள் அமையும். ஐந்தை நடுவில் வைத்து ஊடுபுள்ளியாக 4, 3 என இறங்கினால் 19 புள்ளிகள். முன்னது சாய்சதுரம், பின்னது அறுகோணம். சிக்குக்கோலத்தின் கோடு எப்புள்ளியையும் தொடாமல் வளைந்து, தொடங்கிய இடத்திற்கே திரும்புகிறது. எந்தக் கோலம் ஒரே கோட்டில் முடியும், எதற்கு இரண்டு கோடுகள் வேண்டும் என்று ஆராய்வது பத்து அகவையினருக்கு இயலும் செயலே. வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு வந்து கற்கும் கலை இது. சிறுவர்களையும் இதில் ஈடுபடுத்துதல் வேண்டும். கோலம் பெண்பிள்ளைகளின் வேலை என்று வகுப்பறையிலும் ஒதுக்கிவைப்பதற்குக் காரணம் ஏதுமில்லை.

தெரிந்து தெளிவோம்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரித்திவாசனுடன் இணைந்து, கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளைக் கொண்டு விளக்கும் ஆய்வை 1974 இல் வெளியிட்டனர். சிறு கோலத்திலிருந்து பெரிய கோலம் வளரும் முறைக்கு விதிகள் உண்டு என்பதை அவ்வாய்வு காட்டியது.

ஆசிரியரின் சொல்

ஓவியத்தைக் காட்ட வரும் குழந்தையிடம் "இது என்ன?" என்று கேட்பது பெரும்பாலோர் இயல்பு. தான் வரைந்தது புரியவில்லை என்பதே அவ்வினாவிலிருந்து குழந்தை பெறும் செய்தி. "இதைப் பற்றிச் சொல்லேன்" என்றால் ஒரு கதையே வெளிவரும். அழகு, நன்று என்னும் பாராட்டுகளைவிட, "மாட்டின் கொம்புக்கு நீலம் பூசியிருக்கிறாயே, பொங்கலுக்கா?" என்று ஒன்றைச் சுட்டிப் பேசுவது குழந்தைக்கு நிறைவு தருகிறது, அதன் ஓவியத்தை ஒருவர் உண்மையாகவே பார்த்திருக்கிறார் அல்லவா? சிறந்த மூன்றினை மட்டும் சுவரில் ஒட்டினால், மற்ற முப்பது பேருக்கும் அச்சுவர் ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. இடம் போதாவிடில் வாரந்தோறும் மாற்றி மாற்றி ஒட்டலாம்.

இந்தியாவில் இச்சிந்தனை பள்ளியளவில் வேரூன்றிய இடங்களும் உண்டு. இரவீந்திரநாத தாகூர் 1901 இல் சாந்திநிகேதனில் நிறுவிய பள்ளியில் ஓவியமும் இசையும் அன்றாடப் பாடங்களோடு இணைந்திருந்தன. அங்குப் பயின்ற தேவி பிரசாத், காந்தியடிகளின் ஆதாரக் கல்வி நடைபெற்ற சேவாகிராமத்திற்கு 1944 இல் சென்று, சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் ஓவியம் கற்பித்தார். அவர் எழுதிய நூலின் தலைப்பே கலையைக் கல்வியின் அடிப்படை என்று கூறுகிறது. தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005 உம் கலைக்கல்வி எல்லா நிலைகளிலும் பாடமாக அமைய வேண்டுமென்று பரிந்துரைத்தது. ஆயினும் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது ஓவிய வகுப்பின் நேரமே. ஒன்பது, பத்து அகவையில் கைவிடப்பட்ட தூரிகையை மீண்டும் எடுப்பவர் சிலரே என்பதால், அந்த ஒரு மணிநேரத்தின் இழப்பு பின்னால் ஈடுசெய்யக்கூடிய இழப்பன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியரிடம் ஒப்புதல் பெற்று, ஒன்று முதல் ஐந்து வகுப்புக் குழந்தைகளிடம் "என் வீடு" என்னும் தலைப்பில் வரையச் சொல்லுங்கள். அவற்றை வகுப்புவாரியாக அடுக்கி, அடிக்கோடு எவ்வகுப்பில் தோன்றுகிறது, சுவருக்குள் மனிதர் தெரிவது எவ்வகுப்பில் நிற்கிறது என்று கண்டு எழுதுக.

2. நீங்கள் வரைவதை நிறுத்தியது எந்த வகுப்பில்? காரணத்தை நினைவுகூர்ந்து ஒரு பக்க அளவில் எழுதுக. நிறுத்தாதவர், தொடர்ந்ததற்கான காரணத்தை எழுதுக.

3. மலையும் குடிசையும் இல்லாத ஓர் இயற்கைக் காட்சியை, உங்கள் வீட்டு வாசலிலிருந்து தெரிவதைக் கொண்டு வரைந்து வருக.